ஸ்டேட் வரைபடத்துடன் ஆறு ஆண்டுகள்

இணையவழி விற்பனைக்கான ஆர்டர் மேலாண்மை மென்பொருள் ஒன்றை எங்கள் சிறு குழு ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறது. தொடக்கத்தில், மென்பொருளைப் படமாக வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறையான யுஎம்எல் முறைப்படி, கிளாஸ் (நிரலின் பகுதிகளும் அவற்றின் தொடர்பும்), சீக்வென்ஸ் (பகுதிகளுக்கிடையே செய்திகள் செல்லும் வரிசை), ஸ்டேட் (ஒன்று இருக்கக்கூடிய நிலைகளும் அவற்றை மாற்றும் நிகழ்வுகளும்) என மூன்று வகை வரைபடங்களை வரைந்தோம். இன்று எஞ்சியிருப்பது ஸ்டேட் வரைபடம் மட்டுமே. நிரலைப் படித்தாலே தெரிவதை மறுபடி வரைந்துவைக்க யாருக்கும் பொறுமை இல்லாததால், கிளாஸ் வரைபடம் மூன்றே மாதங்களில் காலாவதியாயிற்று. சீக்வென்ஸ் வரைபடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு விளக்கம் சொல்ல உதவியதோடு சரி.

டேவிட் ஹாரெல் 1987-இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் முறையின் வழிவந்த ஸ்டேட் வரைபடமோ எங்கள் வேலையையே மாற்றியது. எங்கள் ஆர்டருக்கு அப்போது 8 நிலைகள், அவற்றைப் பாதிக்கும் நிகழ்வுகள் 11. எந்த நிலையில் எந்த நிகழ்வு வந்தால் என்ன நடக்கும் என்று வரைபடத்தை அட்டவணையாக்கினால் 88 கட்டங்கள். நிரம்பிய கட்டங்களைவிடக் காலியானவையே எங்களை அதிகம் யோசிக்கவைத்தன. யுபிஐ வழியாக வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து பணம் கழிந்து, அதற்கான உறுதிச்செய்தி எங்களுக்கு வந்துசேர்வதற்குள் அவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டால், பின்னர் வரும் அந்தச் செய்தியை என்ன செய்வது? அந்தக் கட்டம் காலியாக இருந்தது. நிரலோ அச்செய்தியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டிருந்தது. ‘பணம் திருப்பவேண்டியது’ என்ற ஒன்பதாவது நிலை அன்றுதான் பிறந்தது.

வரைவதற்கு, உரையாக எழுதியதைப் படமாக்கும் பிளான்ட்யுஎம்எல் என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம். வரைபடம் வெறும் உரைக்கோப்பு என்பதால், கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட்டிலேயே நிரலுடன் இருக்கிறது. எந்த அம்புக்குறியை யார், எப்போது சேர்த்தார் என்பதும் தெரிகிறது. குறையும் உண்டு. எதை எங்கே வைப்பது என்பதை, பிளான்ட்யுஎம்எல் உள்ளே பயன்படுத்தும் கிராஃப்விஸ் என்ற மென்பொருள் தீர்மானிப்பதால், ஓர் அம்புக்குறியைச் சேர்த்தால் படம் முழுவதும் இடம்மாறி, பழகிய கண்ணுக்கும் அந்நியமாகிவிடும். பணம், விநியோகம் என இரண்டு கூட்டுநிலைகளாக (பல நிலைகளை உள்ளடக்கிய பெரிய நிலைகளாக) பிரித்த பிறகே இந்தத் தொல்லை ஓரளவு அடங்கியது.

ஒரு தீபாவளி விற்பனை அவசரத்தில் நிரலை மாற்றிவிட்டு வரைபடத்தை மறந்தோம். சில மாதங்கள் கழித்து, வரைபடத்தை நம்பி வேலைசெய்த புதியவரின் மாற்றத்தால் சிலருக்கு இருமுறை பணம் திரும்பிச் சென்றது. பிழை அவருடையதன்று. அதன்பின், வரைபடக் கோப்பில் உள்ள நிலைமாற்றங்களை நிரலின் அட்டவணையோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் பில்டையே, அதாவது நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் வேலையையே, நிறுத்திவிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். முதல் மாதம் முழுக்க எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். ஆனால் அதை நீக்கவேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.