ஏற்காடு ஏரியில் படகுச் சவாரி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஊரின் பெயரிலேயே இடம்பிடித்துவிட்ட ஏரி நம்மை வரவேற்கிறது. மிதிபடகு, துடுப்புப் படகு இரண்டும் கிடைக்கின்றன. பேசிக்கொண்டே செல்ல விரும்புவோர் துடுப்புப் படகையே எடுக்கலாம், ஏனெனில் மிதிபடகில் கரை திரும்புவதற்குள் முழங்கால் முறையிடத் தொடங்கிவிடுகிறது. பனி விலகும் காலையில் கரையோர மரங்களின் நிழல் நீரில் அசையாமல் கிடப்பதைக் காண்பதற்காகவே வார நாளில் வருவது நல்லது. ஞாயிறு என்றால் வரிசையிலேயே பொழுது கழிந்துவிடும். அருகிலுள்ள அண்ணா பூங்கா குழந்தைகளுக்குப் போதும். ஏரி நிரம்பி வழியும் நீரே கிளியூர் அருவியாக விழுவதால், மழைக்கால முடிவில் வருவோர் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். கரையோரக் கடையொன்றில் வாங்கிய மிளகாய் பஜ்ஜிதான் ஆறிப்போயிருந்தது.