லயத்து மழைமானி: கையால் வாசிப்பதா, தானியங்கியா?

மண்சரிவுப் பகுதி லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆட்களை எப்போது வெளியேற்றுவது? இலங்கையின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அளவுகள் எல்லாருக்கும் தெரிந்தவை: 24 மணி நேரத்தில் மழை 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு. அந்த எண்ணை எதில் அளப்பது என்பதுதான் கேள்வி.

தானியங்கியின் வசதி சொல்லாமலே விளங்கும். 0.2 மி.மீ. மழைக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் சிறு வாளி சாயும், எண் தானாகப் போய்ச் சேரும். ஆனாலும் என் ஓட்டு கைமானிக்குத்தான். காரணம் பராமரிப்பு.

தானியங்கி பழுதானால் கத்தாது, குறைத்துக் காட்டும். புனலில் நிழல் மரத்து இலை, சிலந்தி வலை, எறும்புக் கூடு என்று ஏதாவது அடைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். வெளியே கொட்டும்போது திரையில் தூறல். பச்சை நிறத்தைப் பார்த்து அதிகாரி நிம்மதியாக இருப்பார். மாதம் ஒருமுறை சோதியுங்கள்: வாய் விட்டம் 200 மி.மீ. என்றால் 314 மில்லிலீட்டர் தண்ணீரை அரை மணி நேரத்தில் மெதுவாக ஊற்றினால் 50 முறை சாய வேண்டும். வேகமாக ஊற்றினால் எண்ணிக்கை குறையும்; அடைமழையிலும் நடப்பது அதேதான். இந்தச் சோதனைக்கு ஆள் வருவாரா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கைமானி அடைத்தால் வாசிப்பவர் கண்ணுக்கே தெரியும். சேர்ந்த தண்ணீரை ஊற்றி அளக்கும் அளவுக் கண்ணாடி மட்டும் மாறக்கூடாது. 127 மி.மீ. வாய்க்கு ஒரு மி.மீ. மழை 12.7 மில்லிலீட்டர், 203 மி.மீ. வாய்க்கு 32.4. மாற்றிப் போட்டால் எண் இரண்டரை மடங்கு பிசகும்.

கைமானியின் பெரிய குறை, நாளுக்கு ஒருமுறை காலை 8.30க்கு மட்டும் வாசிப்பது. 8.30க்கு முன் 90, பின் 90 பெய்தால் ஏட்டில் இரண்டு நாளும் மஞ்சள். உண்மையில் 24 மணி நேரத்துக்குள் 180. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்தது காலை எட்டுக்கு முன், 8.30 வாசிப்புக்கு முன்பே. ஆகவே மழை பிடித்ததும் மூன்று மணிக்கொருமுறை வாசித்து, கடைசி எட்டு வாசிப்புகளை, அதாவது 24 மணி நேர மழையை, கூட்டுங்கள். கொட்டு கொட்டென்று கொட்டினால் மணிக்கொருமுறை. நான்கைந்து இரவு தொடர்ந்தால் முறை போட்டாலும் ஆள் சோர்ந்துவிடும்; அங்கே தானியங்கிக்கு ஒரு கை மேல்தான்.

இரண்டும் உள்ள இடத்தில் எண்கள் ஒத்துவராவிட்டால், அளவுக் கண்ணாடி சரியா என்று பார்த்துவிட்டு இரண்டில் கூடின எண்ணை எடுங்கள். காற்றும் அடைப்பும் மழையைக் குறைத்துத்தான் காட்டும்.