மெய்நிகர் இயந்திரத்துக்கு நோடு தேர்வது யார்: டிஆர்எஸ், பிராக்ஸ்மாக்ஸ், விண்டோஸ் கிளஸ்டர்

பல சர்வர்கள் இணைந்து இயங்கும் ஒரு கிளஸ்டரில் மெய்நிகர் இயந்திரங்களை (சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடுபவை) எந்த நோடில், அதாவது எந்தச் சர்வரில், வைப்பது என்பது ஒரு கேள்வியைப் போலத் தோன்றினாலும், அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. புதிதாக இயங்கத் தொடங்கும் இயந்திரத்துக்கு எந்த நோடு பொருத்தம்? ஒரு நோடு செயலிழந்தால் அதில் இருந்தவற்றை எங்கே மீண்டும் எழுப்புவது? எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது சுமை ஒரு பக்கம் சாய்ந்தால் எதை எங்கே நகர்த்துவது? மென்பொருள்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். மூன்று முதல் ஐந்து நோடுகள் கொண்ட சிறிய கிளஸ்டரில் உண்மையான சேதம் இரண்டாவது கேள்விக்குத் தவறான விடை கிடைக்கும்போதுதான் நேர்கிறது என்று நான் கருதுகிறேன். ஆகவே இந்த அலசலில் அதற்கே கூடுதல் இடம் தருகிறேன்.

இத்துறையில் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது விஎம்வேர் நிறுவனத்தின் டிஆர்எஸ் என்ற சுமைப் பகிர்வு வசதி. 2006-இல் அறிமுகமான இது, நோடுகளின் சுமைகளுக்கு இடையிலான திட்ட விலக்கத்தை (அவை எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவை) ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கிட்டு, அந்த விலக்கம் நிர்வாகி நிர்ணயித்த அளவைத் தாண்டினால் இயந்திரங்களை இடம் மாற்றியது. விஎம்வேரின் மெய்நிகராக்க மென்பொருளான விஸ்பியரின் 2020-இல் வெளியான 7-ஆம் பதிப்பில் இந்த அணுகுமுறை அடியோடு மாறியது. இப்போது அது நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தையும் தனியாகப் பார்க்கிறது. செயலிக்காக (சிபியு) அது எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, அதன் நினைவகம் வட்டுக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா என்பன போன்றவற்றை வைத்து மதிப்பெண் இட்டு, வேறொரு நோடில் அந்த மதிப்பெண் கூடுமானால் மட்டுமே, நகர்த்தும் செலவையும் சேர்த்து எடைபோட்டு, முடிவெடுக்கிறது. ஒரு நோடு 70 விழுக்காடும் மற்றொன்று 40 விழுக்காடும் நிறைந்திருப்பது தன்னளவில் குறையன்று. உள்ளே ஓடும் இயந்திரத்துக்குத் தேவையானது கிடைக்கிறதா என்பதே கேள்வி. பதினான்கு ஆண்டுப் பழக்கத்துக்குப் பின் விஎம்வேரே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது, மற்றக் கருவிகளை மதிப்பிடவும் நமக்கு உதவும்.

டிஆர்எஸ்ஸின் தடை தொழில்நுட்பத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியதையடுத்து, நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டுச் சந்தா முறை மட்டுமே எஞ்சியது. சிறு நிறுவனங்கள் பல, பிராக்ஸ்மாக்ஸ் என்ற திறமூல மெய்நிகராக்க மென்பொருளின் பக்கம் திரும்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிராக்ஸ்மாக்ஸுக்கு வருபவர்கள் டிஆர்எஸ்ஸின் அதே நடத்தையை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 2022-இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து அதில் சிஆர்எஸ் என்ற இடத்தேர்வுப் பகுதி இருக்கிறது. ஆனால் அது முதன்மையாக முதல் இரண்டு கேள்விகளுக்காக எழுதப்பட்டது. இயல்பாக அமைந்துள்ள பேசிக் முறை, ஒவ்வொரு நோடிலும் ஹெச்ஏ (நோடு விழுந்தால் அதிலிருந்தவற்றை வேறு நோடில் தானாக எழுப்பும் வசதி) கண்காணிப்பில் உள்ள சேவைகளின், அதாவது இயந்திரங்களின், எண்ணிக்கையை மட்டும் பார்த்து, குறைவாக உள்ள நோடைத் தேர்கிறது. நாம் தெரிவு செய்து இயக்க வேண்டிய ஸ்டாட்டிக் முறையோ, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒதுக்கப்பட்ட நினைவகத்தையும் செயலி எண்ணிக்கையையும் கணக்கில் எடுத்து, நினைவகத்துக்கு மிகுந்த எடை கொடுக்கிறது.

இவ்வேறுபாட்டின் கனத்தை ஒரு கணக்கில் காணலாம். தலா 128 ஜிபி நினைவகம் கொண்ட மூன்று நோடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் நோடில் 16 ஜிபி இயந்திரங்கள் நான்கு, இரண்டாவதில் 32 ஜிபி இயந்திரங்கள் மூன்று, மூன்றாவதில் 4 ஜிபி இயந்திரங்கள் எட்டு ஓடுகின்றன. முதல் நோடு விழுகிறது. பேசிக் முறை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதால், மூன்று இயந்திரங்களே உள்ள இரண்டாவது நோடுக்கு நான்கையும் அனுப்பும். ஏழு ஆன பிறகும் அது எட்டைவிடக் குறைவுதான். ஆனால் அங்கே ஒதுக்கீடு 96 ஜிபியிலிருந்து 160 ஜிபியாக உயர்ந்துவிடும். அந்த நினைவகம் உண்மையிலேயே பயன்பாட்டுக்கு வந்தால், நலமாக இருந்த நோடும் திணறத் தொடங்கும். ஸ்டாட்டிக் முறையில், செயலிக் கோரிக்கைகள் ஏறத்தாழ ஒத்திருந்தால், நான்கும் மூன்றாவது நோடுக்குப் போய், இரண்டு நோடுகளும் 96 ஜிபியில் நிற்கும். ஒரே ஒரு அமைப்பை மாற்றாமல் விட்டதற்காக இரண்டாவது நோடையும் இழப்பது மிகவும் வருந்தத்தக்கது.

இரண்டு முறைகளுமே ஹெச்ஏ-வில் சேர்க்கப்படாத இயந்திரங்களைக் கணக்கில் கொள்வதில்லை என்று 7.3 வெளிவந்தபோதே கையேடு தெளிவாகச் சொன்னது. பாதியை ஹெச்ஏ-வில் சேர்த்து, மீதியை வெளியே விட்டு ஓட்டும் கிளஸ்டரில் சிஆர்எஸ்ஸின் கண்ணுக்கு நோடு காலியாகத் தெரியும், உண்மையில் அது நிறைந்திருக்கும். 2025-இல் வந்த 9.0 பதிப்பு, இரண்டு சேவைகள் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லது ஒருபோதும் ஒரே நோடில் இருக்கக்கூடாது என்று விதி எழுதும் வசதியைத் தந்தது. ஒரு தரவுத்தளத்தின் மூலமும் நகலும் ஒரே நோடில் போய் உட்காராமல் தடுக்கும் இவ்விதியை, நுட்பமான எந்தச் சமநிலைக் கணக்கையும்விட முக்கியமானதாக நான் வைப்பேன்.

மூன்றாவது கேள்விக்குப் பிராக்ஸ்மாக்ஸ் உலகில் பலரும் நாடுவது பிராக்ஸ்எல்பி என்ற தனித் திறமூலக் கருவி. இது ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) வழியாக நோடுகளின் நினைவகம், செயலி, வட்டு ஆகியவற்றில் நாம் தெரிவு செய்ததன் பயன்பாட்டை ஒப்பிட்டு, இயந்திரங்களை நகர்த்துகிறது. ஹெச்ஏ-வில் இல்லாதவற்றையும் இது கவனிப்பது பெரிய வசதி. எவை ஒன்றாக இருக்க வேண்டும், எவை பிரிந்திருக்க வேண்டும் என்ற சேர்க்கை, விலக்கு விதிகளை இயந்திரத்தின் மீது ஒட்டும் டேக் (அடையாளச் சொல்) மூலமாகவே சொல்லலாம். ஆனால் நோடுகளைச் சமன்செய்யும் அதன் அடிப்படைப் பார்வை, டிஆர்எஸ் 2020-இல் விட்டுவந்த பார்வைக்கு நெருக்கமானது. அளவுகளை இறுக்கமாக வைத்தால் பயனில்லாத நகர்வுகள் பெருகும்.

விண்டோஸ் சர்வர் 2016 முதல், மைக்ரோசாஃப்ட்டின் மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி ஓடும் கிளஸ்டரில் இதே பணி உள்ளிணைந்தே வருகிறது. புதிய நோடு சேரும்போதும், அதன்பின் முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறையும், நினைவக நெருக்கடியையும் ஐந்து நிமிடச் செயலிச் சராசரியையும் அது பார்க்கிறது. இயல்பு நிலையில் ஒரு நோடு 80 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கைவைக்கும். இந்த நிதானத்தைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கோ அது சிறு கிளஸ்டருக்குச் சரியான குணமாகவே படுகிறது. ஓடும் இயந்திரத்தை நகர்த்துவது இலவசமன்று. நினைவகப் பக்கங்கள் வலையமைப்பு வழியே நகலெடுக்கப்படும்போதே சில பக்கங்கள் மாறிவிடுவதால் அவை மீண்டும் அனுப்பப்படுகின்றன, தரவு இடைவிடாமல் எழுதப்படும் தரவுத்தளத்தில் இது நெடுநேரம் இழுக்கும்.

மூன்று நோடு பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் ஒன்றை இன்று என்னிடம் ஒப்படைத்தால், முக்கிய இயந்திரங்கள் அனைத்தையும் ஹெச்ஏ-வில் சேர்த்து, ஸ்டாட்டிக் முறைக்கு மாற்றி, இயந்திரம் தொடங்கும்போதே இடம் தேரும் தெரிவையும் இயக்கி, விலக்கு விதிகளை எழுதிவிடுவேன். மொத்த ஒதுக்கீட்டை இரண்டு நோடுகள் தாங்கும் அளவுக்குள், அதாவது மேற்கண்ட கணக்கில் 256 ஜிபிக்குக் கணிசமாகக் கீழே, நிறுத்துவேன். பிராக்ஸ்எல்பியைச் சில வாரங்கள் ட்ரை ரன்னில் (எதையும் நகர்த்தாமல் பரிந்துரை மட்டும் தரும் முறையில்) மட்டும் ஓடவிட்டு, அது பரிந்துரைக்கும் நகர்வுகளில் எத்தனை, பயனர் உணரும் தாமதம் இருந்த நேரத்தோடு ஒத்துப்போகின்றன என்று பார்த்த பின்பே அதற்கு நகர்த்தும் உரிமையைக் கொடுப்பேன்.