மும்பையில் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு பொய்த் தேதியும்

விமான நிலையம் பளபளக்கிறது, கடலோரச் சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போகிறது, அந்தேரியில் மெட்ரோ ஏறலாம். ஊருக்குப் போய்வந்த எல்லோரும் இதை எழுதிவிட்டார்கள். எனக்கும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. என் வயிற்றெரிச்சல் முழுவதும் ஒரு படிவத்தின் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றியது. ‘கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதி’ என்ற கட்டம்.

இருப்பது இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ். வயது 46. கொஞ்ச காலமாக மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஒற்றைத் தலைவலி, விரல் மூட்டுகளில் பிடிப்பு, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, பேசிக்கொண்டிருக்கும்போதே வாயில் வந்த சொல் காணாமல் போவது. மற்ற நாட்களில் ஒன்றுமே இல்லை. அங்கே மருத்துவரைப் பிடிக்கக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் காத்துக் கிடக்க வேண்டும். பிடித்தால் பத்து நிமிடம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பார்த்தார்கள், சரியாக இருந்தது. மற்ற ஹார்மோன்களையும் பார்க்கலாமே என்றேன். “உங்கள் வயதில் அந்தப் பரிசோதனை தேவையில்லை” என்று பதில் வந்தது. ஏன் என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. சரி, ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் யார்தான் அப்படி வைத்துக்கொள்வதில்லை? பல், கண்ணாடி, ரத்தம் எல்லாமே ஊரில்தான்.

செம்பூரில் அண்ணன் வீடு. இரவு பத்து மணிக்கு மதினி செல்பேசியில் நான்கு தட்டு தட்டினார். 2,999 ரூபாய், எண்பதுக்கும் மேற்பட்ட அளவுகள், பெண்களுக்கான தனித் தொகுப்பு. மறுநாள் காலை ஆறரைக்கு அழைப்பு மணி அடித்தது. இங்கிலாந்தில் ரத்தம் கொடுப்பதற்கு நாள் குறித்துக்கொண்டு நான் போக வேண்டும். இங்கே ரத்தம் எடுப்பவர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். அந்த நிமிடம் வரை என் ஊர்ப் பெருமைக்கு அளவே இல்லை.

வந்தவன் தாராவித் தமிழ்ப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கலாம். “வெறும் வயிறுதானே அக்கா?” என்று கேட்டான். கை சுத்தம், ஊசி புதிது, ஒரே குத்தில் நரம்பு அகப்பட்டது. நான் பார்த்தவரை அங்கே இத்தனை லாவகமாக யாரும் எடுத்ததில்லை. பிறகு கைக்கணினியை எடுத்துப் பெயர், வயது, எடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினான். திடீரென்று விரல் நின்றது. எதிரே அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா காபியோடு நின்றிருந்தார். பையனின் காது மடல் சிவந்தது. “இதை நான் போட்டுக்கொள்கிறேன் அக்கா” என்று முணுமுணுத்துவிட்டு எதையோ தட்டினான். குப்பிகளைப் பெட்டியில் அடுக்கினான், போய்விட்டான்.

மாலைக்குள் அறிக்கை வாட்ஸாப்பில் வந்துவிட்டது. பதினெட்டுப் பக்கம், வண்ண வண்ண மானிகள், சிவப்புப் பச்சைப் பட்டைகள். முதல் பக்கத்தில் கடைசி மாதவிலக்குத் தேதி: இந்த மாதம் 01. ரத்தம் கொடுத்தது 14ஆம் தேதி. ஆகவே செயலியின் கணக்கில் நான் பதினான்காவது நாளில், கருமுட்டை வெளிவரும் வேளையில் இருக்கிறேன். உண்மையில் அடுத்த மாதவிலக்கே நாலைந்து நாளில் வரவேண்டியிருந்தது.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். கருமுட்டையை வெளிவரச் செய்யும் எல்.எச். என்ற ஹார்மோன் சுழற்சியின் நடுவில் ஒருமுறை துள்ளி ஏறி இறங்கும். புரொஜெஸ்டிரோன் முதல் பாதியில் இருக்கும் இடம் தெரியாது, கருமுட்டை வெளிவந்த பிறகு பல மடங்கு உயரும், மாதவிலக்குக்கு முன் விழும். அந்தப் பரிசோதனையே அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ ஏழு நாள் முன்பு எடுத்தால்தான் கருமுட்டை வந்ததா இல்லையா என்று சொல்லும். தேதி தெரியாத புரொஜெஸ்டிரோன் அளவு வெறும் எண். தேதி தவறான அளவு அதைவிட மோசம். என் அறிக்கையில் ‘எல்.எச். மிகக் குறைவு’ என்று ஒரு சிவப்பு, ‘புரொஜெஸ்டிரோன் மிக அதிகம்’ என்று இன்னொரு சிவப்பு. குடும்ப வாட்ஸாப் குழுவில் இரவு உணவுக்கு முன்பே எனக்கு மூன்று நோய்கள் முடிவாகிவிட்டன. தூத்துக்குடிச் சித்தப்பா ஒரு வைத்தியரின் எண்ணையும் அனுப்பிவிட்டார்.

தேதியைத் திருத்தத் தொலைபேசி எடுத்தேன். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, அப்புறம் வயலின் இசை. எடுத்த பெண் மிகவும் பணிவு. “மாதிரி பதிவான பிறகு தேதியை மாற்ற முடியாது மேடம்.” நான் தேதியே சொல்லவில்லையே என்றேன். “படிவத்தில் இருக்கிறதே மேடம்.” அதைப் போட்டவர் உங்கள் ஆள் என்றேன். மேலதிகாரியிடம் மாற்றினார்கள். அவர் மறுபரிசோதனைக்குப் பதினைந்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். அதோடு உணவு ஆலோசகரிடம் பேசுவது இலவசமாம். எனக்கு வேண்டியது தள்ளுபடியும் அல்ல, ஆலோசகரும் அல்ல. அந்த 01 போக வேண்டும். நான்கு பேரிடம் பேசினேன். நால்வரும் மன்னிப்புக் கேட்டார்கள், ஒருவரும் தேதியை மாற்றவில்லை. மில்டன் கீன்ஸில் இப்படி ஒரு புகாருக்குக் கடிதம் வர ஆறு வாரம் ஆகும், ஆனால் அதில் தேதி திருத்தப்பட்டிருக்கும்.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எண்பது அளவுக்குக் காசு வாங்கும் நிறுவனம் முந்தின இரவே செயலியில் என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனால் கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்டது.

மறுநாள் உணவு ஆலோசகர் தானே அழைத்தார். மாதத்தின் முதல் பாதியில் ஆளி விதையும் பூசணி விதையும், இரண்டாம் பாதியில் எள்ளும் சூரியகாந்தி விதையும் தின்றால் ஹார்மோன் சமநிலைக்கு வருமாம். இந்த விதை வைத்தியத்துக்கு உருப்படியான ஆதாரம் கிடையாது என்பது ஒரு பக்கம். அவர்கள் தேதிப்படி தின்றால் ஆளி விதை தின்ன வேண்டிய நேரத்தில் எள் தின்றுகொண்டிருப்பேனே! பக்கத்திலிருந்த அம்மா, “எள்ளுக்கு எதற்கு ஆலோசகர்? உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெயை ஊற்றித் தருகிறேன்” என்றார். கிண்டியும் தந்தார். கருப்பட்டி வாசத்தோடு அதைத் தின்ற பத்து நிமிடம் நான் மும்பையிலும் இல்லை, இங்கிலாந்திலும் இல்லை.

பிறகு மதினி என்னைச் சயானில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். மராத்திக்காரர், வயதானவர். தாராவிப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்தே தமிழ் வந்தவர், அதுவும் நெல்லைத் தமிழ். மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, மர பெஞ்சு, தகர டோக்கன். சின்ன வயதில் இதே தெருவில்தான் கம்பவுண்டர் சிவப்பு மிக்ஸ்சர் ஊற்றி, சீசாவில் காகிதம் ஒட்டிக் கொடுப்பார். அந்த வாடை இன்னும் அங்கே இருப்பதாக எனக்குப் பட்டது. மதினி பினாயில் என்றார்.

அறிக்கையை நீட்டினேன். அதை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: “இன்றைக்கு எத்தனையாவது நாள், தாயி?”

எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அறிக்கையை அப்புறம் திருப்பினார். 01 மேல் ஒரு கோடு போட்டார், சிரித்தார். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைந்துகொண்டே வருவதில்லை, ஒரு வாரம் வழக்கத்தைவிட எகிறும், மறுவாரம் விழும், ஒரு நாள் ரத்தத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கு நெறிமுறை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் 2015இல் சொன்னதும் இதைத்தான்: 45 வயதைத் தாண்டியவர்களுக்கு அறிகுறிகளை வைத்தே முடிவு செய்யுங்கள், சூல்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். பார்க்க வேண்டாம் என்று. ஆக அங்கே எனக்குக் கிடைத்த பதில் சரியான பதில்தான். கூட ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எனக்கு 2,999 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் தலைவலி? ஹார்மோன் அளவு எல்லாருக்கும் ஏறி இறங்குகிறது, சிலருடைய உடம்புக்கு மட்டும் அந்த ஏற்ற இறக்கம் ஒத்துக்கொள்வதில்லை என்றார். ஒரே பச்சை மிளகாயைக் கடித்த இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் கண்ணீர் வருகிறது, அதற்கு மிளகாயை எடைபோட்டு என்ன பயன்? திரும்பி வந்து தேடிப் படித்தபோது இதற்கு நல்ல சான்றுகள் இருப்பது தெரிந்தது. 1972இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் சாமர்வில், மாதவிலக்கை ஒட்டித் தலைவலி வரும் பெண்களுக்கு அதற்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். மாதவிலக்கு வழக்கம்போல் வந்தது, தலைவலி மட்டும் தள்ளிப்போய், ஊசியின் வேகம் இறங்கிய பிறகு வந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் 1998இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியம். சூல்பையின் இயக்கத்தை மருந்தால் நிறுத்திவிட்டு, ஹார்மோன்களை அளந்து திரும்பக் கொடுத்தார்கள். மாதவிலக்குக்கு முந்தைய மனச்சோர்வால் அவதிப்பட்டவர்களில், நிறுத்தியதும் நிம்மதி கண்டவர்களுக்கு ஹார்மோன் உள்ளே போனதும் அந்தச் சோர்வு திரும்ப வந்தது. அந்தத் தொல்லையே இல்லாத பெண்களுக்கு அதே அளவு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு தெரிகிறதா என்று கேட்டார். அப்படித் தெரிபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும் என்பதால் கொடுக்கக்கூடாதாம். மூட்டுப் பிடிப்பு காலையில் எவ்வளவு நேரம் என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து வீக்கமும் இருந்தால் முடக்குவாதத்துக்குத் தனியாகப் பார்க்க வேண்டும், “எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டாதே” என்றார். இடையில் மதினியிடம் திரும்பி, “முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா?” என்றார். மதினி திகைத்துப்போனார். அவருடைய தைராய்டு அறிக்கை போன மாதம் தாறுமாறாக வந்திருந்தது. முடி மாத்திரையிலுள்ள பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றி, டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4ஐக் கூட்டியும் காட்டும். அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2017இலேயே எச்சரித்திருக்கிறது. இரண்டு நாள் நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னார். எண்பது அளவு எடுப்பவர்களின் படிவத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை.

என் பதினெட்டுப் பக்கத்தில் அவர் விரல் நின்றது ஓரிடத்தில்தான். உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11. ஆய்வகத்தின் வரம்பு 10இல் தொடங்குவதால் செயலி அதற்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 15க்குக் கீழே போனாலே இரும்புச்சத்துக் குறைவு. இந்த வயதில் உதிரப்போக்கு அதிகமாகி இரும்பு வற்றுவது சாதாரணம் என்றார். களைப்புக்கும் மறதிக்கும் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாமாம். சிவப்பு காட்டிய இரண்டும் பொய், பச்சை காட்டியது வில்லங்கம்.

கடைசியாக மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காலநிர்ணய் நாட்காட்டியை எடுத்தார். மும்பை வீடுகளில் பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுவோமே, அதேதான். தலைவலிக்கு ‘த’, மூட்டுக்கு ‘மூ’, தூக்கத்துக்கு ‘தூ’, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மாதவிலக்கு நாளுக்கு வட்டம். அன்றன்றைக்கே எழுத வேண்டும், மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லா வலியையும் மாதவிலக்கின் கணக்கில் போட்டுவிடுவோம் என்றார். மனநோய்களுக்கான அமெரிக்கக் கையேடு 2013இல் மாதவிலக்குக்கு முந்தைய கடும் மனத்தொல்லையைத் தனி நோயாகச் சேர்த்தபோதும் கேட்டது இதையே: குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு அன்றாடக் குறிப்பு. ரத்தத்தை அது கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்கு 400 ரூபாய்.

ஒரு மாதம் எழுதியாயிற்று. ‘த’க்கள் வட்டத்துக்கு முந்தைய இரண்டு நாட்களில்தான் கூட்டமாக நிற்கின்றன. ‘மூ’ அப்படி இல்லை, மாதம் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். இன்னும் ஒரு மாதம் எழுதிவிட்டு மில்டன் கீன்ஸில் மருத்துவரிடம் காட்டுவேன், காலை எட்டு மணி வரிசை வழியாகத்தான். ஹார்மோன் ஒட்டுப்பட்டை வேண்டும் என்று முடிவானால் செலவு பெரிதில்லை. 2023 முதல் இங்கிலாந்தில் அதற்கென்று வருடச் சீட்டு இருக்கிறது, இரண்டு மருந்துச் சீட்டின் விலைதான். ஆய்வகத்தார் மறுபரிசோதனைத் தள்ளுபடி இந்த வாரத்தோடு முடிகிறது என்று வாரந்தோறும் செய்தி அனுப்புகிறார்கள்.

டாக்டரம்மாவின் முகவரியைச் சிலர் கேட்டார்கள். அவரைக் கேட்காமல் பெயரை இங்கே போட மாட்டேன். சயான், தாராவிப் பக்கம் உறவினர் இருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். தொலைபேசியில் முன்பதிவு கிடையாது. டோக்கன் காலை ஒன்பதுக்கு, பத்து மணிக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் முறை வரும். வியாழன் விடுமுறை. தேதியைத் தெரிந்துகொண்டு போங்கள்.