ட்ரெல்லோவிலிருந்து ஜிராவுக்கு: சரக்கு வந்து சேரும், தேதிதான் சேராது

பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு கணக்கு அலுவலகம் ட்ரெல்லோவை விட்டு ஜிராவுக்கு மாறலாமா என்று நண்பர் கேட்டார். இரண்டும் குழுவின் வேலைகளையும் கெடுக்களையும் கண்காணிக்கும் மென்பொருள்கள்; ட்ரெல்லோவில் ஒவ்வொரு வேலையும் பலகையில் ஒரு கார்டு. விலையையும் வசதிகளையும் அவரே ஒப்பிட்டுக்கொள்வார். இரண்டையும் நெடுநாள் ஓட்டினால்தான் தெரியும் சங்கதி ஒன்று இருக்கிறது: தேதி.

ட்ரெல்லோ பலகையை ஜேசன் என்னும் தரவுக் கோப்பாக இறக்கினால் கெடு நேரமெல்லாம் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் வரும். சிங்கப்பூரில் 14ஆம் தேதி காலை 7 மணி என்பது கோப்பில் 13ஆம் தேதி இரவு 11 மணி. ஜிராவின் கெடுத் தேதிக் கட்டத்திலோ மணிக்கு இடமே இல்லை, நாள் மட்டும்தான். கோப்பில் உள்ள கெடு நேரத்தின் முதல் பத்து எழுத்தை, அதாவது ஆண்டு-மாதம்-நாளை, வெட்டி அதில் ஒட்டினால் 14 என்பது 13 ஆகிவிடும். எல்லாக் கார்டும் இப்படி நகர்ந்தால்கூடப் பரவாயில்லை, ஒரே வீச்சில் திருத்திவிடலாம். நள்ளிரவுக்கும் காலை 8 மணிக்கும் இடையில் கெடு வைத்தவை மட்டுமே நகரும். மற்றவை ஒழுங்காக இருக்கும். நாலைந்து கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போடுவது இதனால்தான்.

ஒரு நாள் முன்னால் வந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஏப்ரல் 1 கெடு மார்ச் 31க்குப் போனால் காலாண்டு அறிக்கையே மாறிவிடும். அதைவிட மோசமானது ஆட்களின் பழக்கம். "ஜிராவில் ஒரு நாள் கூட்டிக்கொள்" என்று குழு கற்றுக்கொள்ளும். புதிதாகப் போடும் கெடுக்கள் சரியாகவே இருக்கும், அவற்றுக்கும் ஒரு நாள் கூட்டிக்கொள்வார்கள். முதலாளிகள் கட்டும் மசே நிதி (சிங்கப்பூரின் மத்திய சேம நிதி) சந்தாவுக்கு மாதக் கடைசியே கெடு, சலுகைக் காலம் அடுத்த மாதம் 14 வரை. அந்த 14ஐ 15 என்று படித்தால் என்னாகும் என்பதைக் கணக்கர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திருத்துவது எளிது, வரிசைதான் முக்கியம். எக்செல்லில் முதலில் நேரத்தோடு 8/24 (ஒரு நாளில் எட்டு மணி நேரம்) கூட்ட வேண்டும், அதன் பிறகே நாளை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிவிட்டுக் கூட்டினால் ஒரு பயனும் இல்லை. 1982 ஜனவரி 1 முதல் நம் சிங்கப்பூர் நேரம் யுடிசிக்கு 8 மணி முன்னால்தான். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று கடிகாரத்தைத் திருப்பும் வம்பும் இங்கில்லை. ஆகவே ஆண்டு முழுக்க அதே எட்டு.

அடுத்த குழி, அட்டவணையைச் சிஎஸ்வி கோப்பாக்கி ஜிராவில் ஏற்றும் திரையில் தேதி வடிவம் கேட்கும் பெட்டி. மாதத்துக்குப் பெரிய 'எம்' இரண்டு போட வேண்டும். சின்ன 'எம்' என்றால் அது நிமிடம். தவறிப் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, மாதங்கள் எல்லாம் ஜனவரியில் போய் விழும்.

தமிழில் தலைப்பிட்ட கார்டுகளுக்குத் தனிப் பாடு உண்டு. சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கொம்பு வைத்த ஆங்கில 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாகச் சிதறிக் கிடக்கும். அதைச் சேமித்தால் போனது போனதுதான். எக்செல்லின் 'டேட்டா' தாவலில் கோப்பை வரவழைத்து, குறிமுறையில் 65001ஐ (யுடிஎஃப்-8 யூனிகோடு) தேர்ந்தெடுங்கள். ஜிராவில் தலைப்புக்கு 255 எழுத்துக்குறிதான் எல்லை. க் என்பதை அது இரண்டாக எண்ணும், கி என்பதையும் இரண்டாக எண்ணும். கார்டுத் தலைப்பிலேயே கடிதம் எழுதுகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள், அவர்களுடையதை முதலில் சுருக்குங்கள்.

பழைய கருத்துரைகள் தேவை என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜேசன் கோப்பில் வருவது கடைசி 1,000 செயல்கள் மட்டுமே. கார்டை இடம் மாற்றியதும் ஒரு செயல், கருத்துரையும் ஒரு செயல். நடமாட்டம் மிகுந்த பலகையில் சில மாதத்துக்கு முந்தைய பேச்சுகூடக் கிடைக்காது. அவற்றை ஏபிஐ (நிரல் மூலம் தரவு கேட்கும் வழி) வழியாக ஆயிரம் ஆயிரமாகப் பின்னோக்கி எடுக்க வேண்டும்.

இவ்வளவு திட்டிய பிறகு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஜிராவின் தேடல் மொழி அருமை. "இந்த வாரத்துக்குள் கெடு, இன்னும் முடியாதவை" என்று ஒரு வடிகட்டியைச் சேமித்துச் சந்தா வைத்தால், தினமும் காலையில் பட்டியல் மின்னஞ்சலில் வந்து நிற்கும். மேலாளர் ஒப்புதல் தராமல் வேலையை மூட முடியாதபடி பூட்டலாம். ட்ரெல்லோவில் யார் வேண்டுமானாலும் கார்டைக் கடைசிப் பட்டியலுக்கு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். தணிக்கைக் காலத்தில் இந்தப் பூட்டு ஒன்றே போதும், மாறியது வீணில்லை என்று தோன்றும்.

ஆனாலும் நண்பருக்குப் பதில்: மாறாதீர்கள். ஜிரா பத்துப் பேர் வரை இலவசம், பதினோராவது ஆள் சேர்ந்தால் அத்தனை பேருக்கும் கட்டணம். அலுவலகம் வளராமலா இருக்கும்?

மாறியே தீர வேண்டும் என்றால் இருபது கார்டை மட்டும் முதலில் ஏற்றிப் பாருங்கள். அவற்றில் குறைந்தது ஐந்து, காலை 8 மணிக்கு முந்தைய கெடுவாக இருக்கட்டும். பழைய பலகையை மூடி வையுங்கள், அழிக்க வேண்டாம், மூடியதைத் திறக்கலாம். எல்லாத் தேதியையும் திருத்திய பிறகும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார்: "இது நிஜமான 14ஆ, ஜிரா 14ஆ?"