தொண்ணூறுகளின் ஜப்பானியக் கார்கள்: வீட்டில் பார்ட்ஸ் மாற்றினால் எது நிற்கிறது, எது காலை வாருகிறது

தொண்ணூறுகளில் வந்த கொரோலா, சிவிக், சன்னி போன்ற வண்டிகளை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுகிறவர்களுக்கு ஒன்று சீக்கிரம் பிடிபட்டுவிடும். இன்ஜின் கடைசியில்தான் போகும். அதற்கு முன்பே ரப்பர் வெடிக்கும், சால்டர் விரிசல் விடும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் பொடியும். எனவே பல வருட ஓட்டத்தில் வேலை நிற்குமா நிற்காதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் கைத்திறன் இல்லை. எந்தப் பாகத்தை ஒரிஜினலாக வாங்கினோம், எதை வேறு பிராண்டில் வாங்கினோம், எதைப் பழைய வண்டியிலிருந்து கழற்றினோம் என்பதுதான்.

கருவியில் கஞ்சத்தனம் கூடாது. இந்த வண்டிகளில் 10, 12, 14, 17, 19 சாக்கெட் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். எம்8 (8 மில்லி தடிமன்) போல்ட்டின் தலை 12 மில்லி, எம்10 போல்ட்டின் தலை 14 மில்லி. மற்ற நாட்டு வண்டிகளுக்கான செட்டில் முன்னால் நிற்கும் 13ஐ அவசரத்தில் 12 தலையில் மாட்டினால் மூலை உருண்டுவிடும். திரெட்டும் வேறு. எம்10 போல்ட் இந்த வண்டிகளில் பெரும்பாலும் 1.25 பிட்ச் (திரெட்டின் அடுத்தடுத்த புரிகளுக்கு இடையிலான தூரம், மில்லியில்), ஹார்ட்வேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. அதைப் போட்டால் முதல் ஓரிரண்டு சுற்று கையால் போகும், பிறகு இறுகும். ‘துரு பிடித்திருக்கும்’ என்று ஸ்பேனரை மாட்டி அழுத்தினால் அலுமினியத் திரெட் உரிந்து வெளியே வரும்.

பிளஸ் ஸ்க்ரூவும் அப்படியே. தலையில் சிறு புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக இறங்காமல் மேலே ஏறி வழுக்கும். ஹோண்டாவில் பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள் இதற்குப் பேர்போனவை. 3ஆம் நம்பர் பிட் போட்ட, சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர்தான் அதற்கு மருந்து. தலை ஏற்கெனவே சிதைந்திருந்தால் துளைத்து எடுத்துவிடலாம். டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுகள்தான்; அந்த ஸ்க்ரூக்கள் தொழிற்சாலையில் பூட்டும்போது டிஸ்க் நழுவாமல் இருக்க வைத்தவை.

பார்ட்ஸ் மாற்றிப் போடுவதில் இந்த வண்டிகளின் பெரிய பலம் பாக எண். டொயோட்டாவில் ஐந்து, ஐந்தாகப் பத்து இடங்கள். முதல் ஐந்து பாகம் இன்னதென்று சொல்லும்: 04465 முன் பிரேக் பேட், 04495 பின் ஷூ, 48510 முன் வலது ஷாக் அப்சார்பர், 48520 முன் இடது. பின் ஐந்து, எந்த வண்டிக்கு என்பது. 9இல் தொடங்கினால் பல மாடல்களுக்குப் பொதுவான பாகம். ஆயில் டிரெயின் வாஷர் 90430-12031 என்பதில் 12 என்பது 12 மில்லி போல்ட்டுக்கானது. ஹோண்டாவில் ஐந்து, மூன்று, மூன்று. நடு மூன்று மாடலையோ இன்ஜினையோ குறிக்கும். கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று நீட்டினால் இந்த நடுப்பகுதியைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த வண்டிக்கு 17 இட எண் இருக்காது, ஏஇ110 என்பதுபோல் தொடங்கும் ஃபிரேம் எண்தான் இருக்கும். அதை வைத்துத்தான் கேட்லாக்கில் தேட வேண்டும். ஒரே வருடம், ஒரே பெயர் என்று தேடினால் ஏபிஎஸ் உள்ள ஹப்பும் (சக்கரம் பூட்டும் நடுப்பாகம்) இல்லாத ஹப்பும் கலந்து வரும்.

வீல் மாற்றுவது எளிது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கொரோலாவுக்கும் சிவிக்குக்கும் 4x100 (100 மில்லி வட்டத்தில் நான்கு போல்ட்), நட் இரண்டுக்கும் 12x1.5 (12 மில்லி, 1.5 பிட்ச்). ஆனால் நடுத்துளை டொயோட்டாவில் 54.1 மில்லி, ஹோண்டாவில் 56.1. டொயோட்டா வீல் ஹோண்டா ஹப்பில் ஏறாது. ஹோண்டா வீல் டொயோட்டாவில் ஏறும், ஆனால் நடுவில் உட்காராது, 56.1-54.1 ரிங் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், பேலன்ஸ் செய்து செய்து அலுத்துப்போவீர்கள். நட் உட்காரும் இடமும் வேறு: ஹோண்டாவின் ஒரிஜினல் வீலில் குழிவான பந்து வடிவம், டொயோட்டாவில் கூம்பு. மாற்றிப் போட்டால் நட் விளிம்பில் மட்டுமே தொடும், இறுகியதுபோல் காட்டிவிட்டுத் தளரும். நிசானுக்கு 12x1.25, அது தனிச் சாதி.

ரப்பருக்கு வருவோம், பணமும் நேரமும் வீணாகும் இடம் இதுதான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் மாற்றி ஆறே மாதத்தில் கிழிந்தால் எல்லோரும் புஷ்ஷைத் திட்டுகிறார்கள். பல நேரம் தவறு பூட்டிய விதத்தில் இருக்கிறது. இந்த புஷ்களில் நடு இரும்புக் குழாயும் வெளி வளையமும் ரப்பரோடு ஒட்டி வார்க்கப்பட்டவை. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக் கொடுக்கும். வண்டியை ஜாக்கில் தூக்கி, ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் போல்ட்டை முறுக்கினால் அதுவே புஷ்ஷின் ஓய்வு நிலையாகிவிடும். வண்டியை இறக்கிய கணத்திலிருந்து ரப்பர் முறுக்கிலேயே இருக்கும். போல்ட்டைக் கையால் மட்டும் பூட்டி, ஆர்முக்கு அடியில் ஜாக் கொடுத்து வண்டி நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே முழு டார்க் (முறுக்கு விசை) கொடுங்கள். சிவிக்கின் பின் டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷுக்கும் இதுவே. புஷ், மவுண்ட் எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்குவது நல்லது. பேரிங்குக்கு கோயோ, என்எஸ்கே, என்டிஎன், ஷாக் அப்சார்பருக்கு கேஒய்பி, வாட்டர் பம்புக்கு ஐசின் தாராளமாகப் போதும். பழைய வண்டியிலிருந்து எடுக்கக்கூடாதது எந்த ரப்பரும். எடுக்கலாம் என்பது காலிப்பர் பிராக்கெட், நக்கிள் (ஹப்பைத் தாங்கும் இரும்பு), கதவு, கண்ணாடி மோட்டார், ஆல்டர்னேட்டர் உடல்.

மின்சாரப் பக்கத்தில் ஹோண்டாவின் மெயின் ரிலே ஒரு தனிக் கதை. வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட்டர் சுற்றும், பிடிக்காது. கண்ணாடியை இறக்கிக் கொஞ்சம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். சாவியை ஆன் செய்ததும் ஃபியூவல் பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும். அந்த நேரத்தில் முனகல் இல்லையென்றால் முதல் சந்தேகம் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இந்தப் பெட்டிமேல். திறந்து பலகையின் பின்பக்கத்தை லென்ஸில் பாருங்கள்: தடித்த கால்களைச் சுற்றி முடி மாதிரி ஒரு வட்ட விரிசல் தெரியும். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும். பழையதின் மேலேயே சூடு காட்டினால் நிற்காது.

ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குவதற்கு எல்லோரும் த்ராட்டில் பாடியைக் கழுவுகிறார்கள். பழைய சிவிக்கில் கூலன்ட் மாற்றிய கையோடு இது தொடங்கினால் கழுவ வேண்டாம். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் காற்று விடும் வால்வு கூலன்ட் சூட்டில்தான் மூடும். அங்கே காற்றுக் குமிழி நின்றால் மூடாது, ஆர்பிஎம் ஏறும், ஈசியூ (இன்ஜினின் கணினி) பெட்ரோலை வெட்டும், விழும், மறுபடி விடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பிளீட் போல்ட்டைத் திறந்து குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை ஊற்றி மூடி, மூடி திறந்த ரேடியேட்டரோடு ஃபேன் இரண்டு முறை ஓடும்வரை இன்ஜினை ஓடவிட்டு, குறைந்ததை நிரப்புங்கள்.

டைமிங் பெல்ட்டில் டொயோட்டாவின் 4ஏ-எஃப்இ இன்ஜின் ஒரு வரம்: பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. அதே குடும்பத்து 20 வால்வ் 4ஏ-ஜிஇயும் ஹோண்டா டி வரிசை இன்ஜின்களும் மோதும். பெல்ட் பூட்டியதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று, இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றிக் குறிகளைப் பாருங்கள். டி வரிசை இடஞ்சுழியாக ஓடும், டொயோட்டா வலஞ்சுழி. இக்னிஷன் டைமிங் (பொறி விழும் கோணம்) வைக்கும்போது 4ஏ-எஃப்இயில் டயக்னாஸ்டிக் பெட்டியின் டிஇ1, இ1 முனைகளை இணைத்த பிறகே 10 டிகிரி பார்க்க வேண்டும். இணைக்காமல் பார்த்தால் ஈசியூ தன் இஷ்டத்துக்கு நகர்த்திய கோணத்தைத்தான் அளக்கிறீர்கள். அதே இணைப்பில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் செக் இன்ஜின் விளக்கு பிழை எண்களைச் சிமிட்டும்: 22 கூலன்ட் சென்சார், 41 த்ராட்டில் சென்சார்.

பழைய இன்ஜினை வாங்கி இறக்கினால் ஈசியூ, டிஸ்ட்ரிபியூட்டர், த்ராட்டில் பாடி, வயரிங் நான்கையும் அதனோடேயே எடுங்கள். 5ஏ-எஃப்இ, 4ஏ-எஃப்இ, 7ஏ-எஃப்இ உறவுக்காரர்கள்தான், ஆனால் 7ஏவின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 85.5 மில்லி, மற்ற இரண்டுக்கும் 77. பிளாக் உயரம் என்பதால் பெல்ட்டும் நீளம். இன்ஜின் வெளியே இருக்கும்போதே ஃபிளைவீலுக்குப் பின்னுள்ள சீலை மாற்றாமல் பூட்டுவது சோம்பேறித்தனம். அது ஒழுகினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.

பின் டிரம்மை டிஸ்க்காக மாற்ற நினைப்பவர்கள் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பிரஷர் பங்கிடும் வால்வையும் சேர்த்தே எடுக்க வேண்டும். டிரம்முக்கான பழைய வால்வே இருந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் பங்கீடு கெடும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திரும்பப் பூட்டும்போது டார்க் கன்வெர்ட்டர் பம்ப்பின் பள்ளத்தில் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். கையால் சுற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக உள்ளே விழும். இன்ஜினும் கியர்பாக்ஸும் போல்ட் இல்லாமலே முகம் ஒட்ட வேண்டும், அப்போதும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். இடைவெளியைப் போல்ட் முறுக்கி மூடினால் பம்ப் உடையும்.