க்வைதானா, குரோனெகோவா: இந்த இரண்டு ஜப்பானியப் பேய்ப்படங்களில் எதை முதலில் பார்ப்பது?

நேரம்: க்வைதான் (1964) நான்கு தனிக்கதைகள், மூன்று மணி நேரம். குரோனெகோ (1968) ஒரே கதை, 99 நிமிடம்.

காட்சி: க்வைதானின் இயக்குநர் கோபயாஷி படப்பிடிப்பு அரங்குக்குள் வானத்தையே வரைந்து வைத்தார், நான்கில் ஒன்றான பனிப்பெண் கதையில் அந்த வானத்தில் கண்கள் விழித்திருக்கும். குரோனெகோவின் இயக்குநர் ஷிண்டோவுக்குக் கறுப்பு வெள்ளையும் மூங்கில் காடும் போதும்.

ஒலி: க்வைதானின் உயிரே இதுதான். இசையமைப்பாளர் தகேமித்சு மரம் பிளக்கும் சத்தத்தை இசையாக்கி, காட்சியோடு ஒட்டாமல் ஒலிக்கவிட்டார். நடுவே முழு மௌனம். ஹெட்போனில் கேளுங்கள்.

பேய்: குரோனெகோவில் சாமுராய்கள் கொன்ற மாமியாரும் மருமகளும் பழிவாங்க வருகிறார்கள். நியாயமான கோபம், அதனால்தான் அதிகம் வலிக்கிறது.

கவனம்: க்வைதானின் இரண்டு மணி நேரப் பிரதியில் பனிப்பெண் கதையே இருக்காது. நீளம் பார்த்து எடுங்கள்.

ஜப்பானியப் பேய்ப்படம் புதிதென்றால் குரோனெகோ. பொறுமை உண்டென்றால் க்வைதான், இரவுக்கு இரண்டு கதையாக.